எடுக்கக் கூடாத போன்

அத்தியாயம் பதினேழு

அழகிப் போட்டிக்குக் கிளம்பும்போது மனைவி மூன்று பொறுப்புகளை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். ஒன்று, மகள். இரண்டு, மாடியில் காயும் துணி. மூன்று, கார்டு சார். மூன்றில் கடைசிதான் முக்கியம் என்று வாசலில் நின்று சொன்னாள். விளக்கமாக வேறு என்னென்னவோ சொன்னாள். அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், அந்த நேரம் பார்த்து கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு "ம்" போட்டான்.

அந்த "ம்" செய்த வேலையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இந்தப் போட்டி விஷயத்தில் மெக்கானிக் ஆரம்பத்தில் செய்த அழும்பு தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு எதுக்குக் கிரீடம் என்று கேட்டான். குதிகால் செருப்பைப் பார்த்து, "ஏணி வேணும்னா சொல்லு, என் வேலை இடத்துல நிறைய இருக்கு" என்றான். அவள் சண்டை போடவில்லை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வருஷங்களை ஓட்டியவள் அவள். "வர்றவங்க எல்லாரும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்திருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். மெக்கானிக்கிற்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் அவனே போய் திருமதிகளுக்கான அந்தப் போட்டியில் அவள் பேரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

"நீ போய் ஜெயிச்சுட்டு வா. இந்த மூணு நாளும் வீட்டுக் கவலை எதுவும் உன்கிட்ட வராது. நான் பார்த்துக்கறேன்" என்று வாக்கும் கொடுத்தான். போட்டிக்காரர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், அவள் தன் போனையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இனி கார்டு சார். ரயிலில் கடைசிப் பெட்டியில் கொடி பிடித்து ஓய்வு பெற்றவர். ரெண்டு தெரு தள்ளி, பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் தனிக்கட்டையாக இருந்தார். தனியாக வாழும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள அந்தப் பகுதி ஆட்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒருவர், இருவர் என்று பிரித்துக்கொண்டதில், மனைவியின் பங்குக்கு வந்தவர் கார்டு.

ஏற்பாடு ரொம்ப எளிமை. காலையில் எழுந்ததும் கார்டு அவள் போனுக்கு அடிப்பார். ரெண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவார். யாரும் எடுக்கக் கூடாது. ரெண்டு மணி என்றால் ஆள் நலம். மணி வரவில்லை என்றால், ஆணியில் தொங்கும் அவர் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

ஒரு தரம் மெக்கானிக் தெரியாத்தனமாக எடுத்து "ஹலோ" என்று சொல்லிவிட்டான். "யோவ், எடுத்துட்டியா? என் காசு போச்சே. உன் பொண்டாட்டி உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?" என்று கார்டு கத்திய கத்தலில், அடுத்த ஒரு வாரம் அந்த போன் அடித்தாலே அவன் வேறு அறைக்குப் போய்விடுவான்.

இறுதிச் சுற்று நாள் விடிந்தது. மெக்கானிக் அடுப்படியில் ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருந்தான். மகள் மேஜையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். உருவம் சின்னது, காரம் பெரிது. அதனால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர்.

அம்மாவின் போன் அடித்தது. திரையில் கார்டின் பெயர்.

"வந்துடுச்சு. மனுஷன் நல்லா இருக்காரு" என்றான் மெக்கானிக், ரொட்டியைத் திருப்பியபடி.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மிளகு சீப்பைக் கீழே வைத்தாள். "அப்பா, நிக்கவே இல்லப்பா." போனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எடுக்காதடி. எடுத்தா அந்த ஆளு என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாரு."

"ஆனா அப்பா..."

"சொன்னா கேளு. வயசானவரு, வைக்க மறந்திருப்பாரு."

மணி தானாக ஓய்ந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி அடித்தது. அதுவும் நீளமாகத்தான். அதற்குள் ரொட்டிப் புகை வீடு முழுக்கப் பரவி, அவன் ஜன்னலைத் திறக்க ஓடிவிட்டான். திரும்பி வந்தபோது போன் அமைதியாகக் கிடந்தது. மிளகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு முன்னால் அதே போன் திரும்ப அடித்தது. இந்தத் தடவை மருந்துக்கடை அக்கா. குழுவை நடத்துகிறவள் அவள்தான்.

"தம்பி, கார்டு வீட்டுல இருந்து தண்ணி படியில வழியுதாம். கீழ் வீட்டுக்காரங்க சொன்னாங்க. கதவைத் தட்டினா பதில் இல்ல. சாவி உங்க வீட்டுலதானே?"

மெக்கானிக் போனைச் சட்டைப் பையில் போட்டான். சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினான். மிளகும் பின்னாலேயே ஓடி வந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

படிக்கட்டில் தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தான். அடுப்படியில் குழாய் திறந்தபடி இருக்க, தொட்டி நிரம்பி வழிந்து, அந்த ஈரத்தில் கார்டு ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கை அலமாரிப் பக்கம் நீண்டிருந்தது. இன்னொரு கைக்கு அடியில் பொத்தான் வைத்த பழைய போன் இருந்தது.

மூச்சு இருந்தது. கதவருகே காத்திருந்த அக்கா உள்ளே வந்து, குனிந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"காலையில மணி அடிச்சாரா தம்பி?"

"அடிச்சாரு அக்கா."

"அப்பாடா, அப்ப நல்லா இருந்திருக்காரு. அதுக்கு அப்புறம்தான் விழுந்திருக்கணும்." அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

மெக்கானிக் அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லை அக்கா, விடாமல் அடித்தார், நான்தான் எடுக்கவில்லை என்று ஒரே மூச்சில் கொட்டியிருக்கலாம். வாசலில் நின்ற மிளகு அவனையே பார்த்தாள். அவன் குனிந்து குழாயை மூடினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொண்ணு சின்ன வயசு. ஆனால் பேச்சில் பூசி மெழுகுகிற வேலையே இல்லை.

"தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது, தாங்க மாட்டாரு. முன்னாடியே கொண்டு வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்."

"எப்ப கொண்டு வந்திருக்கணும்?" என்று கேட்டான் மெக்கானிக். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"காலையில" என்றாள் டாக்டர்.

அவனை உள்ளே விட்டார்கள். கார்டின் கண் பாதி திறந்திருந்தது. அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் யாரையோ தேடியது.

"மகாராணி எங்க?"

போட்டிக்குப் பெயர் கொடுத்ததிலிருந்து மனைவியை அவர் கூப்பிடுவது அப்படித்தான். 'என்ன மகாராணி, கிரீடத்தை வச்சுக்கிட்டு என் வீட்டு வாசல்ல நுழைய முடியுமா, இடிக்குமா?' என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

"வருவா சார். சாயங்காலம் கண்டிப்பா வருவா."

"இப்ப வரச் சொல்லு." பிறகு, யார் மேலும் குற்றம் சொல்லாத குரலில், "அடிச்சேனே" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் தொழில் என்ன என்று யோசித்துப் பாருங்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மணியை அழுத்துவான், விடாமல் அழுத்துவான். அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவன் இவன். எத்தனை பேரை வெளியே இழுத்திருக்கிறான். தன் வீட்டு அடுப்படியில் அதே மணி அடித்தபோது ரொட்டியைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறான்.

வெளியே நர்ஸ் கார்டின் கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தாள். போனை இவனிடம் நீட்டினாள். அவன் துடைத்து, ஓட்டலுக்குப் போவதற்காகப் போட்டிருந்த கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டான்.

"போட்டி நடக்கற இடத்துக்குப் போய், தங்கச்சிக்குத் தகவல் சொல்லிக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றாள் அக்கா. "அவரு பையன் வெளிநாட்டுல இருக்கான், போன் போட்டா எடுக்கறதே இல்ல. அவரு தேடறது இவளைத்தான். நான் இங்கேயே இருக்கேன்."

"சொல்றேன் அக்கா."

போட்டி நடக்கும் ஓட்டலுக்குக் காரில் போகும்போது மிளகு வாயைத் திறந்தாள்.

"காலையில அடிச்சது ரெண்டு இல்லப்பா."

"தெரியும்."

"விடாம அடிச்சா நிறுத்துன்னு அர்த்தமாம். ரயில்ல அப்படித்தானாம். கார்டு தாத்தா அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. விடாம அடிச்சா உடனே ஓடணும்னு அம்மா சொன்னாங்க இல்ல?"

"எப்ப சொன்னா?"

"வாசல்ல. நீங்க சாவி தேடிக்கிட்டு இருந்தீங்க. நான்கூட எடுக்கப் போனேன்."

அவனுக்கு ஸ்டியரிங் வழுக்கியது. உள்ளங்கை அப்படி வியர்த்திருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடலாம்ப்பா."

"சொல்லலாம். நிகழ்ச்சி முடியட்டும். இப்ப சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. இத்தனை மாசம் பட்ட பாடு வீணாயிடும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தனக்குள்ளும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். அவளுக்காகத்தான், கொடுத்த வாக்குக்காகத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்வதென்றால், நான் எடுக்கவில்லை என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்த முதல் வார்த்தைக்குத்தான் அவன் பயந்தான். மிளகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் நீள நடைபாதை. குடும்பத்தார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். கையில் வாக்கி டாக்கியோடு ஒரு பெண் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவி வந்தாள். மெக்கானிக்கிற்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. கரும்பச்சை கவுன், இடுப்பில் எண் அட்டை, தூக்கி முடிந்த கொண்டையில் ஏகப்பட்ட ஊசி. அவ்வளவு உயரமாக, அவ்வளவு நிமிர்ந்து அவளை அவன் பார்த்ததே இல்லை.

"எப்படி இருக்கேன்?"

"நல்லா... ரொம்ப நல்லா இருக்கே."

"மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிக் கிடக்கு? சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்டாள். "கார்டு சார் காலையில அடிச்சாரா?"

"அடிச்சாரு."

பொய் இல்லை பாருங்கள். நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்டாலும் அது பொய் இல்லை. வாய் கூசாமல் வந்தது.

மனைவி நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். "என்னமோ தெரியலங்க, ராத்திரி எல்லாம் அவர் நெனப்பாவே இருந்துச்சு. போதும், இனி எனக்குப் பயமே இல்ல." குனிந்து மிளகின் கன்னத்தைத் தொட்டாள். "ஏண்டி, நீயும் உம்முன்னு இருக்கே?"

மிளகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

அந்தக் குழந்தை பொய் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. நடந்தார்கள், திரும்பினார்கள், சிரித்தார்கள். மெக்கானிக் எதையும் பார்க்கவில்லை. மனைவியின் போன் சட்டைப் பையில் சத்தம் அடக்கி வைக்கப்பட்டிருந்தது. அது ஒரு தடவை துடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான். அக்கா. பேச வேண்டும் என்றால் வெளியே போக வேண்டும். அதற்குள் மேடையில் மனைவியின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தொகுப்பாளர் கேட்டார். "வேலை, குடும்பம், தொண்டு, இப்ப இந்த மேடை. எல்லாத்தையும் எப்படிங்க சமாளிக்கறீங்க?"

மனைவி மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். ஒத்திகையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பதில் வேறு. அதை அவள் சொல்லவில்லை.

"சமாளிக்கலைங்க. ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணு நழுவுது. எனக்கு ஒரு பெரியவர் இருக்காரு. தினமும் காலையில என் போனுக்கு ரெண்டு மணி அடிப்பாரு. அந்த ரெண்டு மணிதான் எனக்கு அன்னிக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி. இந்த மூணு நாளா அதை நான் கேக்கல. என் வீட்டுக்காரர் கேக்கறாரு. அவர் கேட்டா நான் கேட்ட மாதிரி. அந்த நம்பிக்கை இல்லேன்னா நான் இங்க நின்னிருக்கவே முடியாது."

கைதட்டல் எழுந்தது.

"அந்த வீட்டுக்காரர் எங்க இருக்காரு? எழுந்திருங்க சார், நாங்களும் பார்க்கறோம்" என்றார் தொகுப்பாளர்.

வெளிச்சம் வரிசை வரிசையாகத் தேடி வந்து அவன் மேல் விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தோளைத் தட்டினார். மெக்கானிக் எழுந்து நின்றான். மண்டபமே கைதட்டியது. மேடையிலிருந்து அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சட்டைப் பைக்குள் போன் துடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அத்தனை பேர் கண்ணெதிரே அதை எப்படி எடுப்பான்? கையைக் கூப்பியபடி நின்றான்.

வெளிச்சம் போன பிறகுதான் பார்த்தான். அக்கா செய்தி அனுப்பியிருந்தாள்.

"போயிட்டாரு தம்பி. கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நீங்க வர்ற வழியிலதானே?"

மிளகு எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். அழவில்லை. அவன் பிடித்திருந்த கையை மட்டும் விடுவித்துக்கொண்டாள்.

கிரீடம் வேறொருத்திக்குப் போனது. மனைவிக்குச் சேவைக்கான பரிசாக, தோளில் குறுக்கே அணியும் பட்டை கிடைத்தது. நீலப் பட்டுத் துணியில் பொன்னெழுத்து. கிரீடம் கிடைக்காத வருத்தம் அவள் முகத்தில் துளியும் இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் மாலை வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. அவள் குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"வீட்டுக்குப் போக வேண்டாங்க. நேரா கார்டு சார்கிட்ட போறோம். இதை அவர் தோள்ல போட்டு ஒரு போட்டோ எடுக்கணும். என்னைவிட அவருக்குத்தான் இது பொருந்தும். கொடி பிடிச்ச தோளு."

"கொஞ்சம் இரு. நான் ஒண்ணு சொல்லணும்..."

"கார்ல சொல்லுங்க. என் போன் எங்க?" அவளே அவன் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டாள். "அக்கா இத்தனை தடவை கூப்பிட்டிருக்காங்களே. வாழ்த்தறதுக்காக இருக்கும். இருங்க, முதல்ல கார்டு சார். அவர்தான் எடுக்க மாட்டாரு. நானும் ரெண்டு அடிச்சு வச்சுடறேன், மகாராணி வர்றான்னு புரிஞ்சுக்குவாரு."

மெக்கானிக் அவள் கையைப் பிடிக்கப் போனான். அதற்குள் அவள் அழுத்திவிட்டாள்.

காது மந்தமான மனிதர். தெருவுக்கே கேட்கும் மணியைத் தன் போனில் வைத்திருந்தார். அது மெக்கானிக்கின் கோட்டுக்குள்ளிருந்து அடித்தது.

ஒன்று. இரண்டு.

மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த மணி அவளுக்குத் தெரியும். அவன் கோட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு மணியோடு வைத்துவிடுவேன் என்றவள் வைக்கவில்லை. மூன்றாவது அடித்தது. நான்காவது அடித்தது. நிற்கவே இல்லை. கையிலிருந்த செருப்புகள் எப்போது கீழே விழுந்தன என்று யாரும் கவனிக்கவில்லை.

மெக்கானிக்கிற்குக் கை எழும்பவில்லை.

"இப்பவாவது எடுங்கப்பா" என்றாள் மிளகு.